படகை முதலில் பேசுங்க, வேனை அப்புறம் பேசலாம்

கம்பம், சின்னமனூர், தேனிப் பக்கம் ஒரு குடும்பம் முதல் முறையாக ஆலப்புழாவுக்கு டூர் கிளம்புகிறது என்றால் பேச்சு எங்கிருந்து ஆரம்பிக்கும் என்று அந்த ஊர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேனில் இருந்துதான். பன்னிரண்டு சீட்டா, பதினேழு சீட்டா? பெரியப்பா வீட்டையும் சேர்த்துக்கொண்டால் தலைக்கு எவ்வளவு குறையும்? டிரைவர் யாரு, மலைப்பாதையில நிதானமா ஓட்டுவாரா? அடுத்தது சாப்பாடு. முதல் நாள் காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளியோதரை, பொட்டுக்கடலைத் துவையல், அதற்கு மேல் முறுக்கு டப்பா. அப்புறம் வழியில் எங்கெங்கே நிறுத்துவது என்ற பஞ்சாயத்து. குமுளியில் டீ, குட்டிக்கானத்தில் போட்டோ, முடிந்தால் வாகமண்.

இதெல்லாம் இரண்டு வாரம் பேசி முடித்த பிறகு ஒரு சித்தியோ அத்தையோ கேட்பார். "ஏப்பா, போட்டு யாரு போட்டு?"

"அது அங்க போயி பாத்துக்கலாம் அத்தே. டிரைவர் அண்ணனுக்குத் தெரிஞ்ச பார்ட்டி இருக்காம்."

அவ்வளவுதான். இருபது பேர் ஒரு பகலும் ஒரு இரவும் தண்ணீருக்கு மேல் இருக்கப் போகிறார்கள். அதைப் பற்றி நடந்த மொத்தப் பேச்சும் இந்த இரண்டு வரி!

இது சோம்பேறித்தனம் இல்லை. வேன் தெரிந்த பொருள், படகு தெரியாத பொருள். வேனில் டயர் தேய்ந்திருந்தால் பார்த்தவுடன் சொல்ல கம்பத்தில் பத்து பேர் இருக்கிறார்கள். படகில் எது தேய்ந்திருந்தால் ஆபத்து என்று சொல்ல ஆள் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீரால் வாழ்கிற ஊர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி வயலுக்குப் போகும் தண்ணீர். அதன் மேல் யாரும் பயணம் போனதில்லை. நீச்சல்கூட முந்தைய தலைமுறை ஆண்கள் கிணற்றிலும் ஆற்றிலும் கற்றதோடு சரி. இன்றைக்கு ஒரு வேன் ஆட்களை நிறுத்தி நீச்சல் தெரிந்தவர் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை தூக்கும்? பெண்களிலும் பிள்ளைகளிலும் அநேகமாக ஒன்றும் இருக்காது.

தண்ணீர்ப் பயணத்தின் ஆபத்து என்ன என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு அறவே தெரியாது என்றும் சொல்ல முடியாது. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் இருந்து மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி. பென்னிகுக் கட்டி 1895-ல் முடித்த பெரியாறு அணை தேக்கி வைத்த ஏரிதான் அங்கே படகு ஓடும் இடம். அணை கட்டும்போது மூழ்கிய காட்டின் மரங்கள் இன்றைக்கும் மொட்டையாகத் தண்ணீருக்கு வெளியே நிற்கும். கம்பத்துக்கு நெல் விளைவிக்கிற அதே தண்ணீர்.

2009 செப்டம்பர் 30 சாயங்காலம், அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகு கவிழ்ந்தது. ஃபைபரில் செய்த இரண்டு தளப் படகு. வாங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகக் குவிந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அரசு ஒரு நீதி விசாரணைக் கமிஷனும் போட்டது. அதற்குப் பிறகு தேக்கடியில் லைஃப் ஜாக்கெட் போடாமல் படகில் உட்கார முடியாது. நல்ல விஷயம். ஆனால் 45 பேருக்குப் பிறகு வந்த நல்ல விஷயம்.

'விலங்கைப் பார்க்க ஒரு பக்கம் குவிந்தார்கள்' என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யானையைப் பார்க்கத்தானே படகில் ஏறினார்கள்? யானை தெரிந்ததும் எழுந்து பார்ப்பது தப்பா? பயணி செய்யக்கூடிய மிக இயல்பான காரியத்தைத் தாங்க முடியாத படகு ஒன்று இருந்தால், அதில் ஏறாமல் இருப்பதுதான் பயணி கையில் இருக்கிற ஒரே பாதுகாப்பு. ஏறிய பிறகு அவர் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

இங்கேதான் சிக்கல். ஏறாமல் இருக்க முடியுமா?

பி.காம். பாடத்தில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று வரும். மூழ்கிய செலவு. ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, என்ன செய்தாலும் திரும்பி வராது, ஆகவே இனி எடுக்கிற முடிவில் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பார்கள். பரீட்சையில் எழுதி மார்க் வாங்குவது சுலபம். படகுத்துறையில் நின்று கடைப்பிடிப்பது ரொம்பக் கஷ்டம். வேனுக்குக் கொடுத்தாச்சு, படகுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, லீவு போட்டாச்சு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் மலை இறங்கி வந்தாச்சு, பிள்ளைகள் குதிக்கிறார்கள். அந்த நேரத்தில் படகைப் பார்த்தால் பழசாக இருக்கிறது, சொன்னதை விடச் சின்னதாக இருக்கிறது, ஜாக்கெட் எட்டுதான் இருக்கிறது. வேண்டாம், திரும்பலாம் என்று எந்த மாமா சொல்வார்? சொன்னால் மற்ற பத்தொன்பது பேரும் அவரை என்ன சொல்வார்கள்? வாழ்நாள் முழுக்க "ஆலப்புழா வரைக்கும் போயி போட்டுல ஏறாம வந்த ஆளு" என்ற பட்டப்பெயர் நிச்சயம்.

ஆகவே பாதுகாப்பு என்பது தைரியமாக மறுக்கிற ஆளைப் பொறுத்த விஷயம் இல்லை. மறுத்தாலும் பெரிய நஷ்டம் வராத மாதிரி டூரைப் போட்டிருக்கிறோமா என்பதைப் பொறுத்த விஷயம்.

கேரளத்தின் மற்ற இரண்டு விபத்துகளைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. 2002 ஜூலை 27 விடிகாலையில் முகம்மாவில் இருந்து குமரகத்துக்குப் போன அரசுப் படகு வேம்பநாட்டு ஏரியில் கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள். படகில் கொள்ளளவை மிஞ்சிய கூட்டம். அவர்களில் பலர் கோட்டயத்தில் பி.எஸ்.சி. தேர்வு எழுதப் போனவர்கள். அரசு வேலைக்கான பரீட்சை. கூட்டமாக இருக்கிறது, அடுத்த படகில் போகலாம் என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் இருட்டிய பிறகு ஓடிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர். குழந்தைகளே அதிகம். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த படகு அது, அளவுக்கு மீறி ஆளும் ஏற்றியிருந்தார்கள். கடலோரத்துக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம், நாளின் கடைசி நேரம். இதை விட்டால் இன்றைக்கு வேறு படகு இல்லை. பரீட்சைக்குப் போனவர்களுக்கும் வேடிக்கை பார்க்கப் போனவர்களுக்கும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்.

"லட்சக்கணக்கான பேர் போயிட்டுத்தானே வர்றாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படகை விட மலைப்பாதைதான் தேனிக்காரர்களுக்கு அதிக ஆபத்து என்றும் வாதாடலாம். 2022 டிசம்பரில் சபரிமலையில் இருந்து இரவில் திரும்பிய தேனி மாவட்ட பக்தர்கள் 8 பேர் குமுளி மலைச்சாலையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்ததை ஊர் மறந்திருக்காது. ஆனால் அதுவும் இதே பாடம்தான் சொல்கிறது. எப்படியாவது இன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று திட்டம் போட்டால் அந்த அவசரம் மலைப்பாதையில் டிரைவர் தலையில் விழும், படகுத்துறையில் நம் தலையில் விழும்.

சரி, வேறு எப்படித்தான் திட்டம் போடுவது?

முதல் தடவையே ஹவுஸ் போட் வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. (போட் ஹவுஸ் என்றால் கொடைக்கானலில் படகு நிறுத்துகிற கட்டடம். ஹவுஸ் போட் என்றால் ஆலப்புழாவில் மிதக்கிற வீடு. தேனியில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், போனில் புக் பண்ணும்போது மட்டும் கவனம்!) ஹவுஸ் போட் கெட்டது என்று அர்த்தம் இல்லை. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிச் செய்த கெட்டுவள்ளங்கள் அவை. ஒரு காலத்தில் குட்டநாட்டு நெல்லை ஏற்றிப் போனவை. லாரியும் ரோடும் வந்து வேலை இல்லாமல் கிடந்ததை 1990-களில் மேலே கூரையும் அறையும் போட்டுச் சுற்றுலாவுக்குத் திருப்பினார்கள். அழகான பொருள்தான். ஆனால் முதல் முறை போகிறவர் என்ன நினைத்துக் காசு கொடுக்கிறாரோ அது வேறு, கிடைப்பது வேறு. ஒரு நாள் ஒரு இரவு என்றால் இருபத்துநாலு மணி நேரமும் படகு போய்க்கொண்டே இருக்கும் என்று நினைக்கிறார்கள். நண்பகல் வாக்கில் ஏறினால் சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு எங்காவது கரையில் கட்டிவிடுவார்கள். அதற்கு மேல் மீனவர்கள் வலை போடுகிற நேரம், ஓட்டக் கூடாது. சாப்பாட்டுக்கு நிறுத்துகிற நேரமும் போனால் படகு நகர்வது நாலைந்து மணி நேரம்தான். காலையில் டிபன் கொடுத்து ஒன்பதுக்குள் இறக்கிவிடுவார்கள். ஏ.சி. பெரும்பாலும் இரவில் மட்டும். இது ஏமாற்று வேலை இல்லை, அங்கே வழக்கமே இதுதான். தெரியாமல் போனால்தான் துறையில் சண்டை.

அதற்குப் பதிலாக முதல் பயணத்துக்கு அரசுப் படகில் போகலாம். கேரளத்தில் தண்ணீர் வழிப் போக்குவரத்துக்கு என்றே ஒரு அரசுத் துறை இருக்கிறது, தலைமை அலுவலகம் ஆலப்புழாவில். தமிழ்நாட்டில் டவுன் பஸ் எப்படியோ அப்படி அங்கே படகு. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்காரம்மாவும் ஆபீஸ் போகிறவரும் ஏறி இறங்குவார்கள். கோட்டயம் கோடிமதா துறையில் இருந்து ஆலப்புழாவுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். (கால்வாய்ப் பாலங்களில் வேலை நடக்கிற காலங்களில் படகு கோடிமதாவுக்கு வராமல் காஞ்ஞிரத்தில் இருந்து கிளம்பும். முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.) 2016-ல் நாடாளுமன்றம் நாடு முழுக்க 111 தேசிய நீர்வழிகள் என்று சட்டம் போட்டதே, அதில் 9-ம் எண் வழி இதுதான். ஹவுஸ் போட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கிற அதே தென்னை, அதே வாத்துக் கூட்டம், கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற அதே நெல் வயல். டிக்கெட் சில பத்து ரூபாய். நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அந்த வயலைப் பார்ப்பதே தனி ஆச்சரியம். கம்பத்தில் தண்ணீரை மேட்டில் இருந்து வயலுக்குக் கொண்டு வரப் பாடுபடுகிறார்கள், குட்டநாட்டில் வயலில் இருந்து தண்ணீரை வெளியே இறைக்கப் பாடுபடுகிறார்கள்!

முக்கியமாக, அந்தப் படகில் கூட்டம் அதிகம் என்று தோன்றினால் ஏறாமல் நிற்கலாம். போகிற காசு ஒன்றும் இல்லை. அடுத்த படகு வரும். இந்தச் சுதந்திரத்துக்காகவே முதல் பயணம் மலிவாக இருக்க வேண்டும்.

அதை விடச் சின்னதாக வேண்டும் என்றால் வைக்கம். 1924-ல் பெரியார் போய்ப் போராடிச் சிறை புகுந்த அதே வைக்கம். அவருடைய நினைவகத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள். அங்கேயுள்ள படகுத்துறையில் இருந்து எதிர்க்கரை தவணக்கடவுக்கு ஏரியைக் குறுக்காகக் கடக்க கால் மணி, இருபது நிமிஷம். 2017-ல் இருந்து அந்தத் தடத்தில் 'ஆதித்யா' என்ற 75 பேர் படகு சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. டீசல் புகை இல்லை, இரைச்சல் இல்லை. பாட்டிக்குத் தலை சுற்றுகிறதா, சின்னவன் பயந்து அழுகிறானா, யார் கம்பியைத் தாண்டி எட்டிப் பார்க்கிற ரகம் என்பதெல்லாம் இந்த இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு இரவு முழுக்கப் படகில் தங்க ஒத்துக்கொள்வதுதான் விசித்திரம்.

இவ்வளவு சொன்னாலும் சிலர் ஹவுஸ் போட்டில்தான் முதல் பயணம் போவார்கள். போகட்டும். அப்படியானால் தேதி குறிக்கும் முன்பே படகை முடிவு செய்யட்டும். படகின் பதிவு எண் என்ன, சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அதில் எத்தனை பேருக்கு அனுமதி என்று போனிலேயே கேட்கலாம். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. இதில் டிரைவருக்குத் தெரிந்த பார்ட்டி என்பது டிரைவருக்கு நல்ல பார்ட்டி, கமிஷன் தருகிற பார்ட்டி. அவர் கெட்டவர் என்று இல்லை, ஆனால் அவர் படகில் தூங்கப் போவதில்லை, வேனில் தூங்குவார். பிள்ளைகள் எத்தனை, என்ன வயசு என்று சொல்லி அந்த அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை கீழே நழுவிவிடும். சேலை மேல் ஜாக்கெட் போட்டால் போட்டோ நன்றாக வராது என்று கழற்றி வைப்பதும் நடக்கிறது. போட்டோவை வேனில் எடுத்துக்கொள்ளலாம்.

ஏறியதும் மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று ஓட்டுகிறவரிடம் கேட்டு, அதற்கு மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போட வேண்டும். வீட்டில் கொஞ்சம் அதட்டலாகப் பேசுகிற பெரியம்மா ஒருவர் இருப்பார், அவரே போதும். பசங்க கோஷ்டியாகப் போனால் இந்தப் பெரியம்மா இருக்க மாட்டார், பாட்டில் இருக்கும். கட்டிய படகில் இருந்து பக்கத்துப் படகுக்கு இருட்டில் தாவுவது எவ்வளவு சுலபமாகத் தெரியும் என்பது குடித்தவருக்குத்தான் தெரியும்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் கேரளத்தில் மழை ஊற்றும். குட்டநாடு வெள்ளத்தில் மிதப்பது வருஷா வருஷம் நடக்கிற கதை, 2018 ஆகஸ்டில் ஊரையே காலி செய்தார்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் வாடகை மலை ஏறிவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக் கூட்டம். கம்பத்தில் இருந்து போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், நேரக் கணக்கெல்லாம் தலைகீழாகும். பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரிக் கடைசி, பிப்ரவரிதான் வசதி. பிள்ளைகளுக்கு லீவு இல்லையே என்பார்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் பள்ளிக்கூடம் இடிந்துவிடாது.

வெள்ளி காலை கிளம்பி மதியம் கோட்டயம். சாயங்காலம் படகு எதுவும் வேண்டாம், லாட்ஜில் அறை போட்டுப் படுத்துவிடுவது. சனிக்கிழமை காலையில் அரசுப் படகு. ஆட்கள் படகில் போக, காலி வேன் ரோட்டில் ஆலப்புழா போய்க் காத்திருக்கும். மதியச் சாப்பாடு, கடற்கரை, அங்கேயே இரவுத் தங்கல். ஞாயிறு காலையில் கிளம்பினால் வெளிச்சத்திலேயே குமுளி இறங்கி வீடு வந்து சேரலாம். இரண்டு இரவு லாட்ஜ் வாடகை கூடுதல் செலவுதான். ஹவுஸ் போட் வாடகையில் மிச்சம் பிடித்ததில் இருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை காலைப் படகில் கூட்டம் என்றால் அடுத்த படகு, அதுவும் கூட்டம் என்றால் துறைக்குப் பக்கத்திலேயே வேன் நிற்கும்போதே ஏறி ரோட்டு வழியாக ஆலப்புழா போய், அங்கிருந்து குட்டநாட்டுக்குள் போகிற சின்னத் தடம் ஏதாவது ஒன்றில் ஏறி இறங்கலாம். அதற்காக வேன் டிரைவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்க வேண்டும். ஆட்கள் ஏறிப் படகு கிளம்பிய பிறகுதான் வண்டியை எடுக்கணும், அதுக்கு முன்னாடி எடுக்கக் கூடாதுண்ணே என்று.